குகைக்கு உணவு கொண்டு போனவர் யார்?

கிறிஸ்தவத் துறவிகளை ஏளனம் செய்வது நம் மேடைகளில் எளிய காரியமாகிவிட்டது. மீலாது விழாவில் எழும் சொற்பொழிவாளர் இஸ்லாத்தில் துறவறம் இல்லையென்று முழங்குவார். சிரியா நாட்டில் தூண்மேல் அமர்ந்திருந்த துறவியை நினைவூட்டி அவையைச் சிரிக்கவைப்பார். அதே நா, அடுத்த மாதக் கந்தூரியில், மனைவி மக்களைக் கைவிட்டுக் காடு சேர்ந்த ஒருவரை இறைநேசரென்று உச்சிமேல் வைத்துப் போற்றும். இவ்விரண்டில் எது நம் மார்க்கம்?

அத்துறவிகள் சிரிப்புக்குரியவர் அல்லர். 313க்குப் பின் ரோமாபுரியின் அடக்குமுறை ஓய்ந்து, கிறிஸ்தவராயிருப்பதே உலகியல் ஆதாயமாக மாறியபோது, அந்தச் சுகத்தை அஞ்சிப் பாலைவனம் புகுந்தோர் பலர். அவர்களுக்கு முன்னரே வழிகாட்டியவர் எகிப்தின் அந்தோணியார். 459இல் இறந்த சீமோன், அலெப்போ நகருக்கு அண்மையில் 36 ஆண்டுகளுக்கு மேல் தூணின்மீதே வாழ்ந்தார். திருமறையின் அல்ஹதீத் அத்தியாயம் (57:27) துறவறத்தை அவர்களே புதிதாக உண்டாக்கிக்கொண்டனர் என்று கூறுவது உண்மை. அதற்குச் சற்று முன்பாக, ஈஸா (அலை) அவர்களைப் பின்பற்றியோரின் உள்ளங்களில் இரக்கத்தையும் கருணையையும் இறைவன் வைத்தான் என்று அதே வசனம் கூறுவதை நம் பேச்சாளர்கள் ஏன் விழுங்கிவிடுகின்றனர்?

நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்தோணியாருக்கு ஒரு தங்கை இருந்தாள். பெற்றோர் இறந்தபின் அவளைக் கன்னியர் குழுவொன்றில் ஒப்படைத்துவிட்டே அவர் துறவு பூண்டார். அவள் கருத்தைக் கேட்டாரா என்பதை வரலாறு எழுதியவர் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. பாழ்கோட்டையில் சுமார் 20 ஆண்டுகள் தனித்திருந்த அவருக்கு ஆண்டுக்கு இருமுறை ரொட்டி கொண்டுவந்து கொடுத்தோர் இருந்தனர். சீமோனின் தூணுக்கும் ஏணி இருந்தது. ஏணியில் ஏறியவனுக்குக் கைகால்கள் இருந்தன. தனிமைத் துறவி ஒருபோதும் தனித்திருந்ததில்லை. அவருக்காக உழுதவனும் உலை வைத்தவளும் பெயரின்றிப் போயினர்.

இதை அறிய மதுரைச் சீமையில் வாழும் நாம் எகிப்து வரை போகவேண்டியதில்லை. நகரைச் சுற்றியுள்ள மாங்குளம், அழகர்மலை, திருப்பரங்குன்றம் முதலிய குன்றுகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர்க்கென வெட்டப்பட்ட கற்படுக்கைகளை இன்றும் காணலாம். தலைமாடு சற்றே உயர்த்திச் செதுக்கியிருக்கிறது. மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை நெற்றியில் காடி வெட்டியிருக்கிறது. முனிவர் உளி பிடித்திருக்கமாட்டார். பிடித்தவனுக்குக் கூலி கொடுத்தது யார்? பாறையே சொல்கிறது. மாங்குளத்தில் கணிநந்தன் என்னும் துறவிக்குச் செய்த அறத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலரும் வெள்ளறை வணிகக் குழுவினரும் பெயர் பொறித்துள்ளனர். அழகர்மலையிலோ மதுரைப் பொற்கொல்லன், உப்பு வாணிகன், கொழு விற்றவன், அறுவை வாணிகன் என்று ஒரு கடைத்தெருவே தமிழ் பிராமி எழுத்தில் வரிசையாக நிற்கிறது. உப்பு மூட்டை சுமந்தவனின் வியர்வையில் அந்தப் படுக்கை வந்தது. சமணர் அதை மறைக்கவில்லை. இல்லறத்தாரையும் தம் சங்கத்தின் உறுப்பாகவே எண்ணினர். கொடுத்தவன் பெயரைக் கல்லில் வெட்டிய அந்த நேர்மை நம் கந்தூரி மேடையில் காணோம்.

குணங்குடியாரை மறந்தீரோ என்று சிலர் நம்மை மடக்குவர். மறக்கவில்லை. 1838இல் மறைந்த மஸ்தான் சாகிபு அவர்கள் திருப்பரங்குன்றத்தில் நாற்பது நாள் தனித்திருந்ததாக அவர்தம் வரலாறு கூறும். நாற்பது நாளுக்கு நாற்பத்தோராம் நாள் உண்டு. அவர் இறங்கி வந்தார். உறவினர் நிச்சயித்த மணத்தை முதலிலேயே மறுத்துவிட்டார். மணந்தவளை விட்டு ஓடவில்லை. அவர் பூண்ட முழுத் துறவு எல்லார்க்கும் வழியாகுமா என்பதில் நமக்கு ஐயமுண்டு. ஆனால் பிள்ளைக்குப் பாலுக்கும் வழிவையாமல் தர்காத் திண்ணையில் பச்சைத் தலைப்பாகையோடு அமர்ந்திருப்பவனுக்கு அவர் பெயரைக் கேடயமாகத் தருவது அவருக்கே செய்யும் அநீதி.

மனைவியை நெருங்குவதில்லை என்று சத்தியம் செய்தவனுக்கே திருமறை (2:226) நான்கு மாதத்தைத்தான் எல்லையாக்கியது. அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லத்துக்கு ஸல்மான் (ரலி) அவர்கள் வந்த செய்தி புகாரி ஷரீஃபில் உள்ளது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த அந்த வீட்டில் ஸல்மான் கண்டது வணக்கத்தை அல்ல. பொலிவிழந்த ஆடையில் நின்ற மனைவியை. நண்பர் நோன்பை விட்டு உடனமர்ந்தாலன்றி உண்ணேன் என்று மறுத்தார். இரவில் அவரை உறங்கவைத்துப் பின்னிரவில் தொழ எழுப்பினார். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை உண்டென்று எடுத்துரைத்தார். ஸல்மான் உரைத்தது உண்மையே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

வரும் கந்தூரியில் மேடையேறும் பெரியோர்களே! காடு சென்றவரின் கராமத்துகளை விரித்துரைக்குமுன், அவர் விட்டுச்சென்ற வீட்டில் அடுப்பெரித்தவளின் பெயரைச் சொல்லுங்கள். அவளுடைய மஹரைக் கொடுத்தாரா, அவள் பிள்ளைகளுக்குச் சோறிட்டது யார் என்பதையும் சொல்லுங்கள். அது தெரியாதெனில், சீமோனின் தூணைப் பற்றியும் தயவுசெய்து வாய் திறவாதீர்கள்.