மாயாவியின் கையும் தீவகத்துக் கதையும்

புலம்பெயர்ந்த தீவகத்தார் சிலர் தம் சிறுபராயத்தை எண்ணும்போது இரும்புக்கை மாயாவியின் சித்திரக்கதைகளுக்காக ஏங்குகின்றனர். "அத்தகைய புத்தகங்கள் இனி வரா" என்பது அவர்தம் முடிபு. ஏக்கம் இயல்பே, முடிபோ பிழையானது.

மாயாவி எவ்வூரான்? 1962 இல் 'வேலியன்ட்' என்னும் பிரித்தானியச் சிறுவர் இதழிற் பிறந்தவன். ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையில் உருப்பெற்றவன். அங்கு அவன் பெயர் லூயிஸ் கிராண்டல். 1972 இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் அவனுக்குத் தமிழ்ப் பெயரும் தமிழ்ப் பேச்சும் வழங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் அவ்வந்நியன் நம்மவனானது மந்திரத்தாலன்று. சிறுவர்க்கெனச் சிலர் உழைத்தமையாலேயாம்.

அவ்வுழைப்பைப் போற்றுவோர் பழைய பிரதிகளைத் தேடிச் சேர்ப்பதோடு அமையலாமா? அம்பிகைக்குப் பூவேந்திக் கடல் நீந்திய நாகத்தையும், அதனை மறித்த கருடனையும் நயினாதீவின் ஐதிகம் இன்றும் பேசுகிறது. வெடியரசன் கோட்டை எனப்படும் இடிபாடு நெடுந்தீவிற் கிடக்கிறது. மாயாவியின் சாகசத்திற்கு இவை எவ்வகையிற் குறைந்தவை? இவற்றைச் சித்திரமாக்கித் தீவகச் சிறார் கையிற் கொடுப்பது யார் கடன்?

அந்நியக் கதை ஆகாதென்பதன்று வாதம். பிறர் கதையைத் தமிழாக்க முடிந்த சமூகத்திற்குத் தன் கதையை வரைய முடியாதென்பது பொய். 1990 இன் போர் ஊர்களை வெறுமையாக்கியது. எஞ்சிய கதைகளையும் இழப்பதற்குப் போரைக் காரணங்காட்ட இயலாது. சென்ற நாளுக்கு ஏங்குவோர், இன்றிருக்கும் பிள்ளைக்கு ஒரு புத்தகமேனும் செய்து கொடுப்பாராக!