குப்பைக்கு ஒரு ராஜ்ஜியம்!

போன வாரம் இந்தப் பக்கத்துல என்னைக் காணோம்னு ஒருத்தராவது தேடியிருப்பீங்கன்னு நம்பறேன். (தேடலையா? பரவாயில்ல, மனசு தாங்கும்!) டெல்லியில ஒரு நண்பனோட கல்யாணம். தாலி கட்டி முடிஞ்சதும் பந்தியில கூட உட்காராம பஸ் பிடிச்சு, ஐந்தாறு மணி நேரம் பயணம் பண்ணி, சண்டிகர் போய் இறங்கிட்டேன். அங்கே ஒரு தோட்டம் இருக்கு. பேரு ராக் கார்டன். ஒரே ஒரு மனுஷன், யாருக்கும் சொல்லாம, அரசாங்கக் காட்டுக்குள்ள திருட்டுத்தனமா கட்டின சிற்பத் தோட்டம். அவர் பேரு நெக் சந்த்.

முதல்ல ஊரைப் பத்தி ரெண்டு வரி. 1947-ல நாடு பிரிஞ்சப்போ லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிடுச்சு. இந்தியப் பக்கத்து பஞ்சாபுக்குத் தலைநகர் இல்ல. புதுசா ஒண்ணு கட்டுவோம்னு நேரு முடிவு பண்ண, வரைபடம் போட்டவர் லெ கார்பூசியே. நேர்கோட்டுச் சாலைகள், கட்டம் கட்டமா செக்டார்கள், எல்லாத்துக்கும் நம்பர். 13 மட்டும் ராசியில்லாத நம்பராம், அதனால அந்த செக்டாரே கிடையாது. 2020-லதான் மணிமாஜ்ராங்கிற பகுதிக்கு அந்த நம்பரைக் கொடுத்தாங்க. அவ்வளவு கறாரான ஊர். ஊர் எல்லையைத் தாண்டினா பசுமை வளையம்; அங்கே யாரும் செங்கல் வைக்கக் கூடாதுன்னு சட்டம்.

அந்த ஊரைக் கட்டின பொதுப்பணித்துறையில நெக் சந்த் ரோடு இன்ஸ்பெக்டர். 1924-ல பிறந்தவர். சொந்த கிராமம் இப்போ பாகிஸ்தான்ல, ஷகர்கர் பக்கம். பிரிவினையில குடும்பத்தோட கிளம்பி வந்த அகதி. புது ஊருக்காகப் பழைய கிராமங்களை இடிச்சாங்க. இடிச்ச வீடுகள்ல இருந்து உடைஞ்ச ஓடு, பானை, பீங்கான், வளையல்னு மலை மலையா குப்பை சேர்ந்துச்சு. 1950-களோட கடைசியில நம்மாளு சைக்கிளை எடுத்துக்கிட்டு அதையெல்லாம் பொறுக்க ஆரம்பிச்சார். ஆத்துப் படுகையில விநோதமான உருவத்துல கிடந்த கல்லுங்களையும் விடல. எல்லாத்தையும் சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டுல கொண்டு போய்ச் சேர்த்தார். பகல்ல ஆபீஸ், சாயங்காலத்துக்கு மேல காடு. இருட்டினா பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்துல வேலை.

ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல பாஸ்... கிட்டத்தட்ட 18 வருஷம்! விரல் விட்டு எண்ணக் கூடிய சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது. நாம புது செல்போன் வாங்கினா 18 நிமிஷம் ரகசியம் காப்போமா?

1975-ல அதிகாரிகள் கண்ணுல பட்டுச்சு. உள்ளே போய்ப் பார்த்தா ஏக்கர் கணக்குல முற்றங்கள், நூத்துக்கணக்கான சிலைகள். சட்டப்படி இடிக்கணும், ஆளை வேலையை விட்டுத் தூக்கணும். ஆனா சேதி பரவி ஜனங்க பார்க்க வர ஆரம்பிச்சுட்டாங்க. 1976-ல அரசாங்கமே அதைத் திறந்து வெச்சு, அவருக்குச் சம்பளமும் உதவிக்கு 50 ஆட்களும் கொடுத்து, ‘தொடர்ந்து செய்யுங்க’ன்னு சொல்லிடுச்சு. 1983-ல தபால் தலை, 1984-ல பத்மஸ்ரீ. குற்றவாளிக்குப் பதவி உயர்வு கிடைச்ச கதை!

இதெல்லாம் படிச்சுட்டுத்தான் போனேன். ஆனா உள்ளே போனதும் படிச்சது ஒண்ணும் உதவல.

வாசல்கள் எல்லாம் குட்டை. நிமிர்ந்து நடந்தா மண்டை இடிக்கும், குனிஞ்சுதான் போகணும். சந்து மாதிரி ஒரு பாதை, திரும்பினா திடீர்னு ஒரு முற்றம், அங்கே வரிசை வரிசையா ஆளுங்க நம்மளைப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. தண்ணி எடுக்கப் போற பெண்கள், வாத்தியக்காரங்க, சிப்பாய்ங்க, குரங்குங்க. பெண்களோட சேலை முழுக்க உடைஞ்ச கண்ணாடி வளையல் துண்டு. வெயில் பட்டா ஜரிகை மாதிரி மின்னுது. ஒரு சிலைக்குள்ள எலும்புக்குப் பதிலா சைக்கிள் கம்பி. ஒரு சுவர் முழுக்க தார் டிரம் அச்சுல வார்த்த கான்கிரீட். ஃப்யூஸ் போன ட்யூப்லைட்டைக் கூட விட்டு வைக்கல மனுஷன். முகங்கள்தான் என்னைப் பாடாய்ப்படுத்துச்சு. யாரும் சிரிக்கல, யாரும் அழல. ஏதோ ஒரு உத்தரவுக்குக் காத்திருக்கற மாதிரி நிக்கறாங்க.

மூணாவது பகுதிக்குப் போனா பெரிய பெரிய ஊஞ்சல், அருவி, ஐஸ்கிரீம், ஒரே கூச்சல். நமக்கு அது செட் ஆகல. திரும்பப் பழைய பகுதிக்கே வந்துட்டேன். அங்கே ஒரு சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையா ஏதோ பதிச்சிருந்துச்சு. கிட்டே போய்ப் பார்த்தேன். கரண்ட் கம்பத்துல இருக்குமே, பீங்கான் இன்சுலேட்டர்... அது!

அங்கேயே உட்கார்ந்துட்டேன்.

இப்போ உங்களை 2000-ம் வருஷத்துக்குக் கூட்டிட்டுப் போகணும், பிக்கட்டிக்கு. நீலகிரியில மஞ்சூர் பக்கம், குந்தா மலைகளுக்கு நடுவுல இருக்கற எங்க ஊர். காலையில ஜன்னலைத் திறந்தா மேகம் அனுமதி கேட்காம வீட்டுக்குள்ள வரும். ஊர் படுகர் மக்களோடது. நாங்க ஊரை ஒட்டின எஸ்டேட் லைன்காரங்க. தாத்தா இலங்கையில ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துல பிறந்தவர். 1964-ல சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் பத்திப் படிச்சிருப்பீங்க. 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கறதா எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. அதுல ஒருத்தர் எங்க தாத்தா. 1972-ல கப்பல்ல ராமேஸ்வரம் வந்து, ரயில் மாறி மாறி மேட்டுப்பாளையம் வந்து, மலை ஏறினவர். ‘தாயகம் திரும்பியோர்’னு கார்டுல போட்டிருக்கும். அதுக்கு முன்னாடி அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்ல. எங்கேயிருந்து திரும்பினார்ங்கிறது மட்டும் புரியாம இருந்துச்சு எனக்கு.

ரிட்டயர் ஆனப்புறம் தாத்தா வீட்டுக்குப் பின்னாடி, மண் சரியாம கட்டின தடுப்புச் சுவர் ஓரமா, என்னமோ செஞ்சுக்கிட்டே இருப்பார். பிஸ்கட் டப்பாத் தகரத்துல நீளமா ஒரு லயம், பத்துக் கதவு. உடைஞ்ச டீ கப்புல ஒரு மாரியம்மன் கோயில். பெரட்டுக்களம்னு ஒரு குட்டி மைதானம். (காலையில பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கற இடம். மலையகத்துக்காரங்களுக்குத் தெரியும்.) அந்தக் களத்துல ஆளுங்க. பவர் ஹவுஸ் வேலைக்குப் போற யார்கிட்டயோ கேட்டு வாங்கின உடைஞ்ச இன்சுலேட்டருங்கதான் அந்த ஆளுங்க! ஒவ்வொண்ணுக்கும் பெயின்ட்ல கண்ணு, மூக்கு. முதுகுல சோடா மூடியில கொழுந்துக் கூடை. நாப்பது பேர் இருக்கும்.

எனக்கு அது மானப் பிரச்னை. ஃப்ரெண்ட்ஸ் வந்தா ‘உங்க தாத்தாவுக்கு லூஸா’ன்னு கேப்பாங்க. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ப்ளஸ் டூ முடிச்ச லீவு. அக்காவுக்குக் கல்யாணம். பின்னாடி சமையல் பந்தல் போடணும். அப்பா, “அந்தக் குப்பையை அள்ளிப் போட்டுடுடா” என்றார். தாத்தா அன்னிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் குன்னூர் போயிருந்தார். நானும் ரெண்டு பசங்களும் நாலு உர மூட்டையில அள்ளினோம். கோயிலைக் கால்ல மிதிச்சாத்தான் மூட்டைக்குள்ள அடங்குச்சு. சுமந்து போய் ஓடைப் பள்ளத்துல உருட்டி விட்டோம். மொத்தம் ஒரு மணி நேர வேலை.

சாயங்காலம் தாத்தா வந்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். “கோயிலையுமா?” அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் அம்மாகிட்ட டீ கேட்டுக் குடிச்சார். அக்கா கல்யாணத்துல பந்தியில நின்னு எல்லாருக்கும் பரிமாறினார். அதுக்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். ஒரு தகரத்தைக் கூடக் கையில எடுக்கல.

சண்டிகர்ல 1990-ல புல்டோசர் வந்துச்சாம். ஊர் ஜனங்க கை கோத்து நின்னு மறிச்சிருக்காங்க. 1996-ல நெக் சந்த் வெளிநாடு போயிருந்த நேரத்துல யாரோ புகுந்து சிலைகளை உடைச்சிருக்காங்க. 2025-ல கூட சாலை, பார்க்கிங் வேலைன்னு ஒரு பக்கச் சுவரை இடிச்சாங்க. அப்பவும் ஜனங்க தெருவுக்கு வந்தாங்க. அவர் 2015-லயே காலமாயிட்டார். இன்னும் அவருக்காக நிக்கறதுக்கு ஆள் இருக்கு.

ஒரு விஷயம் சொல்லிடறேன். நெக் சந்த் செஞ்சது சட்டப்படி தப்புதான். பாதுகாக்கப்பட்ட இடத்துல செடிகொடியை வெட்டிச் சுத்தம் பண்ணித்தான் ஆரம்பிச்சார். எங்க ஊர் சோலைக்காட்டுல யாராவது இப்படிக் கிளம்பினா வனத்துறைக்கு முதல் போன் நான்தான் பண்ணுவேன். சோலையில ஒரு மரம் போனா திரும்ப வர எத்தனை தலைமுறை ஆகும்னு எங்களுக்குத் தெரியும். அதனால ‘ரூல்ஸை உடை, ஜெயிச்சுக் காட்டு’ன்னு உங்களுக்கு டயலாக் அடிக்க நான் வரல. தாத்தா எந்தச் சட்டத்தையும் உடைக்கல. அவர் கேட்டது பத்தடி இடம்.

சண்டிகர் ரொம்பத் தூரம்ங்கிறவங்களுக்கு ஒரு நல்ல சேதி. நெக் சந்த் நம்ம பக்கத்துலயே ஒரு தோட்டம் செஞ்சிருக்கார், பாலக்காடு மலம்புழா அணைகிட்ட. அதே உடைஞ்ச ஓடு, அதே வளையல் துண்டு. சண்டிகர் அளவுக்குப் பெருசு இல்ல, ஆனா அந்தக் கை தெரியும். பிக்கட்டியில இருந்து மஞ்சூர், கெத்தை, காரமடை வழியா கோயமுத்தூர் இறங்கிப் போகலாம். (கெத்தை ரோட்டுல யானை நின்னா ஹாரன் அடிக்காதீங்க. அது அவங்க ரோடு.) அணைப் பூங்காவுலயே கானாயி குஞ்ஞிராமன் 1969-ல செஞ்ச யக்ஷி சிலையும் இருக்கு. அதையும் பார்த்துட்டு வாங்க.

ஊருக்கு வந்ததும் நான் போன முதல் இடம் அந்த ஓடைப் பள்ளம். உர மூட்டை பிளாஸ்டிக்தானே, இருபத்தஞ்சு வருஷத்துல மட்கியிருக்காதுன்னு ஒரு நப்பாசை. போனா பள்ளம் முழுக்க உண்ணிச்செடி. ஆள் உயரத்துக்கு மேல முள்ளோட பின்னிப் படர்ந்து கிடக்கு. வெள்ளைக்காரங்க காலத்துல அழகுக்காகக் கொண்டு வந்து, இன்னிக்குக் காட்டையே மூடிட்டு இருக்கற செடி. கூடலூர், முதுமலைப் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மக்கள் இந்தக் குச்சியை வெட்டித்தான் நிஜ அளவு யானைகளைச் செய்யறாங்க. 2021-ல லண்டன் பூங்காக்கள்ல நின்னுச்சு. 2024-ல நூறு யானைங்க அமெரிக்காவுல ஊர்வலம் கிளம்புச்சு. நம்ம மலைக் களைக்கு பாஸ்போர்ட்! அங்கே நின்னு அதை நினைச்சதும் கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு.

ஆனா வெறுங்கையோட உள்ளே நுழைய முடியல. கையைக் கீறிக்கிட்டு வந்ததுதான் மிச்சம். அம்மா மஞ்சள் வெச்சுக்கிட்டே, “எதுக்குடா அங்க போனே?” என்றாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு உள்ளே போய் அடுப்புக்குப் பக்கத்துல இருந்த ஒண்ணைக் கொண்டு வந்து கையில கொடுத்தாங்க. இன்சுலேட்டர். கண்ணு அழிஞ்சு போச்சு, மூக்கு மட்டும் லேசா தெரியுது. கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட அன்னிக்கு மண்ணுல கிடந்துச்சாம். இத்தனை வருஷமா பூண்டு தட்டறதுக்கு வெச்சிருந்திருக்காங்க!

மீதி முப்பத்தொன்பது பேர் அந்தப் புதருக்குள்ள இருக்காங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அரிவாளோட இறங்கறேன். அன்னிக்கு மூட்டை தூக்கின ரெண்டு பேர்ல ஒருத்தன் வர்றேன்னு சொல்லியிருக்கான். மஞ்சூர், பிக்கட்டிப் பக்கத்துப் பசங்க யாராவது வர்றதா இருந்தா வாங்க. கையுறை உங்க செலவு, டீ எங்க அம்மா செலவு.