ஜூன்ல பொங்கல் வெச்சா தப்பா?

ஆனி, ஆடியில சென்னை வெயில்ல வேகும்போது, எங்க இலத்தூர் பக்கம் செங்கோட்டைக் கணவாய் வழியா தென்மேற்குக் காத்து புகுந்து சாரல் அடிக்கும். குற்றாலத்துல சீசன் களைகட்டும். ஒரே மாநிலத்துக்குள்ளேயே மாசம் ஒண்ணு, வானம் ரெண்டு! அப்போ பூமத்திய ரேகையையே தாண்டினா?

பி.இ. முடிச்சு மெல்போர்ன்ல வேலைக்குப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். தை பிறக்கும்போது அங்க நடுக்கோடை. சூரியன் வடக்கே நகர நகர அங்க பகல் குறையும். பொங்கலை எப்போ வைப்பீங்க?

இதே சிக்கல் அங்க இருக்கிற பேகன்களுக்கும் உண்டு. கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய இயற்கை வழிபாட்டை இந்தக் காலத்துல திரும்பக் கையில எடுத்தவங்க இவங்க. வருஷத்துக்கு எட்டு பண்டிகை. வடக்கே டிசம்பர் 21 வாக்கில வர்ற குளிர்காலப் பண்டிகை 'யூல்'. ஆஸ்திரேலியாவுல பலரும் அதை ஜூன் 21-க்கே மாத்திட்டாங்க. தேதி போகட்டும், பருவம்தான் முக்கியம்னு முடிவு!

அந்த மண்ணுலயே பிறந்த பண்டிகைகளுக்கு இந்தக் குழப்பமே இல்லை. பெரு நாட்டு குஸ்கோவுல இன்காக்களோட சூரியத் திருவிழா 'இன்டி ராய்மி' ஜூன் 24. நியூஸிலாந்து மாவோரிகளோட புத்தாண்டு 'மத்தாரிக்கி' ஜூன், ஜூலையில. விடியும் முன்னே கிழக்கே ஒரு நட்சத்திரக் கூட்டம் தெரிஞ்சா, இறந்தவங்களை நினைச்சு புது வருஷத்தைத் தொடங்குவாங்க. 2022-லேர்ந்து அது தேசிய விடுமுறை. அந்தக் கூட்டம் எது தெரியுமா? நம்ம கார்த்திகை!

சரி, நம்ம ஆளுங்க? 1860-ல 'ட்ரூரோ' கப்பல் ஏறி சென்னையிலேர்ந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கூலி வேலைக்குப் போனாங்க. மொரிஷியஸுக்கு அதுக்கு முன்னாடியே போயாச்சு. பருவம் தலைகீழானாலும் மாசத்தை அவங்க விடலை. மொரிஷியஸ்ல தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. காவடி கிளம்புறது நல்ல கோடையில! ஊர் திரும்ப வழியில்லாதவங்களுக்கு, 'இன்னிக்கு அங்கேயும் காவடி எடுப்பாங்க'ங்கிற நினைப்புதான் ஊரா இருந்திருக்கும்.

நாம மட்டும் பருவத்துக்குக் கரெக்டாவா இருக்கோம்? சூரியன் வடக்கே திரும்புறது டிசம்பர் 21, 22 வாக்கில. நாம பொங்கல் வைக்கிறது மூணு வாரம் கழிச்சு! பூமியோட அச்சு பம்பரம் மாதிரி மெதுவா சுத்துறதால, நட்சத்திரத்தை வெச்சுப் போடுற நம்ம பஞ்சாங்கம் பருவத்தை விட்டு நகர்ந்துக்கிட்டே இருக்கு.

அதனால பேகன்களும் சரி, காவடிக்காரங்களும் சரி, ரெண்டு பேருமே ஜெயிச்சவங்கதான். ஒருத்தர் நிக்கிற மண்ணைப் பார்த்தாங்க. இன்னொருத்தர் விட்டுட்டு வந்த மனுஷங்களைப் பார்த்தாங்க. நீங்க மெல்போர்ன் போனா, ஜனவரியில அம்மாவோட சேர்ந்து போன்லயே 'பொங்கலோ பொங்கல்' சொல்லுங்க. ஜூன்ல அந்த ஊர் சூரியனுக்கும் ஒரு பானை வைங்க. ரெண்டு லீவு கேட்டா ஹெச்.ஆர். முறைப்பாங்க... சமாளிங்க பாஸ்!