அடைப்பின் அளவா, ஓட்டத்தின் அளவா?

ஆஞ்சியோகிராம் முடிந்ததும் குடும்பத்தினரின் மனத்தில் பெரும்பாலும் ஓர் எண் மட்டுமே தங்குகிறது. ‘எழுபது சதவீதம் அடைப்பாம்’ என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்கிறார்கள். மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறிச் சாத்தூருக்கோ பரமக்குடிக்கோ போய்ச் சேர்வதற்குள் உறவினர் அனைவரும் அதை அறிந்துவிடுகின்றனர். அந்த எண்ணை நம்பியே நகை அடகுக்குப் போகிறது. நோயாளியும் தம்மை இனி வேலைக்கு ஆகாதவராக எண்ணத் தொடங்குகிறார். இவ்வளவு பாரத்தையும் தாங்கும் வலு அந்த ஓர் எண்ணுக்கு இல்லை என்பதே எங்கள் கருத்து.

ஆஞ்சியோகிராம் என்பது இரத்தக் குழாயின் உட்புறத்தை நிழலாகக் காட்டும் படம். குழாய் எங்கே குறுகியிருக்கிறது என்பதை அது நன்றாகவே காட்டும். ஆனால் சதவீதம் பெரும்பாலும் கண்ணால் மதிப்பிடப்படுவது. தேர்ந்த மருத்துவர் இருவர் ஒரே படத்தைப் பார்த்து இரு வேறு எண்களைச் சொல்லக்கூடும். அடைப்பைத் தாண்டி இதயத் தசைக்கு எவ்வளவு இரத்தம் போய்ச் சேர்கிறது என்பதையும் அந்தப் படம் சொல்வதில்லை. மேலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரியாறு பாசனக் கால்வாயில் ஓரிடத்தில் கரை சரிந்திருக்கிறது என்பது ஒரு செய்தி. கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பது வேறு செய்தி. முதலாவதை வைத்து இரண்டாவதை முடிவுசெய்ய இயலாது. அந்தக் கால்வாயை நம்பி எத்தனை ஏக்கர் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதயத்திலும் அவ்வாறே: பெரும் தசைப் பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் உள்ள அடைப்பும், சிறு கிளையில் உள்ள அதே அளவு அடைப்பும் ஒன்றல்ல.

ஓட்டத்தை அறிய ஒரு வழி உண்டு. நுனியருகே அழுத்தமானி பொருத்திய மெல்லிய கம்பியை, ஆஞ்சியோகிராமின்போதே, அடைப்பைத் தாண்டிச் செலுத்துகிறோம். அடினோசின் என்னும் மருந்தைக் கொடுத்து இரத்த ஓட்டத்தை அதன் உச்சத்துக்குக் கொண்டுவந்து, அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தத்தை மகாதமனியின் அழுத்தத்தோடு ஒப்பிடுகிறோம். மகாதமனியில் 100, அப்பால் 86 என்றால் விடை 0.86. இதனை எஃப்.எஃப்.ஆர். என்பர். 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த அடைப்பு தசையைப் பட்டினி போடுகிறது என்று கொள்கிறோம். அதற்கு மேலிருந்தால் பொதுவாக மருந்தே போதும். அடினோசின் ஏறும்போது சில நிமிடம் மார்பு இறுகுவது போலவும் மூச்சு முட்டுவது போலவும் இருக்கும். பின்னர் தானே அடங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் முன்னரே தெரிவிக்க வேண்டும். அந்த மருந்து இல்லாமல் ஓய்வுநிலையிலேயே அளக்கும் முறையும் இருக்கிறது. முந்தைய நாளிலிருந்து காபி, தேநீர் கூடாது என்று சொன்னால் தயவுசெய்து கடைப்பிடியுங்கள். அவற்றிலுள்ள காஃபின் இந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

அழுத்தத்தை அளக்கும் எண்ணம் புதிதன்று. 1977இல் சூரிக் நகரில் முதன்முதலாக இதயக் குழாயைப் பலூன் கொண்டு விரித்த ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக்கும் அடைப்பின் இருபுற அழுத்தத்தை அளந்து பார்த்தவரே. அதனை நம்பத்தக்க அளவையாக 1990களில் வளர்த்தவர்களில் நெதர்லாந்தின் நிக்கோ பைல்ஸும் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி பிரய்னேயும் முதன்மையானோர். 2009இல் வெளியான ‘ஃபேம்’ ஆய்வில் 1,005 நோயாளிகள் இரு பிரிவாயினர். படத்தை மட்டும் பார்த்துச் சிகிச்சை பெற்ற பிரிவில் ஒருவருக்குச் சராசரியாக 2.7 ஸ்டென்ட், அளந்து பார்த்த பிரிவில் 1.9. ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் முதற்பிரிவில் 18.3 சதவீதம், இரண்டாவதில் 13.2 சதவீதம். குறைவாக வைத்தவர்களே நலமாக இருந்தனர். அதே ஆய்வில், 50 முதல் 70 சதவீதம் என மதிப்பிடப்பட்ட அடைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு, அளந்தபோது ஓட்டத்தைத் தடுப்பவையாக இல்லை. எண்பது, தொண்ணூறு எனச் சொல்லப்பட்டவற்றிலும் ஐந்தில் ஒன்று அப்படியே.

‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கையோடு வைத்துவிட்டால் என்ன?’ என்று கேட்போர் பலர். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. அதனை நாங்கள் வரவேற்கிறோம். எனினும் விலை இறங்கியதால் ஸ்டென்ட் தீங்கற்ற பொருளாகிவிடவில்லை. அதன்பின் இரத்தம் உறையாதிருக்க இரு மாத்திரைகளைப் பல மாதங்கள் விடாது உண்ண வேண்டும், இரத்தக்கசிவு நேரலாம், அரிதாக ஸ்டென்டுக்குள்ளேயே உறைகட்டி உண்டாகலாம்.

இந்த அளவைக்கும் எல்லை உண்டு. கடும் மாரடைப்பில் குழாய் முழுதும் அடைபட்டிருக்கும்போது அளந்து கொண்டிருக்க நேரமில்லை; 108ஐ அழையுங்கள், குழாயை உடனே திறப்பதே சிகிச்சை. மூன்று குழாய்களிலும் அடைப்புள்ளவர்களுக்கு, அளந்து வைத்த ஸ்டென்டைவிடப் பைபாஸ் அறுவையே ஓராண்டு முடிவில் மேலாக இருந்தது என 2022இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கம்பிக்குத் தனிச் செலவு உண்டு. அரிதாகக் குழாய்க்குக் காயமும் நேரலாம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: இந்த உரையாடல் ஆஞ்சியோகிராமுக்கு முதல் நாளே நடக்கட்டும். நோயாளி மேசையில் படுத்திருக்க, கதவருகே நின்று மகனோ மகளோ ஐந்து நிமிடத்தில் கையெழுத்திடும் முறை எவருக்கும் நியாயம் செய்வதில்லை. ‘நடுத்தர அடைப்பு இருந்தால் அளந்து பார்ப்பீர்களா? அதற்கு எவ்வளவு ஆகும்? காப்பீட்டில் கிடைக்குமா?’ என்று கேளுங்கள். மருத்துவர் இதனைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அளந்த பின் ‘ஸ்டென்ட் தேவையில்லை’ என்று சொல்லும்போதுதான் எங்களுக்குக் கவலை மிகுகிறது. சிலர் அதனைக் கைவிரிப்பாக எண்ணி வேறிடம் தேடுகின்றனர். வேறு சிலர் நோயே இல்லை என மகிழ்ந்து மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். இதுவே கூடுதல் ஆபத்து. அடைப்பு அங்கேயே இருக்கிறது. அது வளராமலும் வெடிக்காமலும் காப்பது கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும், ஆஸ்பிரினும், சர்க்கரை, இரத்த அழுத்தக் கட்டுப்பாடும், புகையிலையை விடுவதுமே. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில், நிலையான இதயநோய் உள்ளவர்களுக்கு முதலில் மருந்து மட்டும் கொடுத்ததற்கும், தொடக்கத்திலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்ததற்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ தெளிவான வேறுபாடு தென்படவில்லை. மார்பு வலி அடிக்கடி வருபவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. அதுவும் சிறிய நன்மையன்று.

வீடு திரும்பும் நாளில், அளந்த எண்ணும் எந்தக் குழாயில் அளந்தார்கள் என்பதும் சுருக்க அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆஞ்சியோகிராம் குறுந்தகட்டோடு அதனையும் பத்திரமாக வையுங்கள். நாளை வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்து ‘எழுபது சதவீதம்’ என்று சொன்னால், அந்தத் தாளை அவரிடம் காட்டுங்கள்.