வாடகையை ஏற்றுமுன்...

மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரிகளே, "இந்த வருஷம் ஐநூறு ரூபாய் ஏத்தினா என்ன?" என்று தோன்றுகிறதா? அதற்குமுன் ஒரு சின்னக் கணக்கு.

வாடகை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நல்ல குடித்தனக்காரர் மனம் கசந்து காலி செய்து, வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் நஷ்டம் 10,000. அடுத்து வருபவர் தரும் கூடுதல் 500 ரூபாயில் அதை ஈடுகட்ட 20 மாதமாகும்! வெள்ளையடிக்கும் செலவு வேறு.

ஆகவே முதலில் வீட்டைக் கவனியுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயை அடைத்திருக்கும் சருகுகளை எடுத்துவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் கூரை கசியும். உள்ளே கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழும். கைக்குழந்தை தூங்குகிற அறையானால் என்ன ஆவது? ஒழுகும் குழாய், வழுக்கும் குளியலறைத் தரை, இவற்றையும் சரி செய்யுங்கள். பிறகு கொஞ்சம் கூட்டிக் கேட்டாலும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

வாய்ப்பேச்சோடு நிற்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். எப்போது, எவ்வளவு ஏற்றுவது, எந்தப் பழுது யார் பொறுப்பு என்பதை அதிலேயே எழுதிவிடுங்கள். மனத்தாங்கல் வந்தாலும் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தச் சட்டம் இடம் தராது.

மாதா மாதம் ரசீது கொடுங்கள். ரிப்பேர் பில்களை ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை வாடகை பேச உட்காரும்போது, அந்த நோட்டே உங்களுக்காகப் பேசும்.