உங்கள் கைக்கு ஏற்ற பந்து எது?

மாலில் பவுலிங் விளையாடப் போனால், பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் பந்தை எடுக்கிறோம். பொழுதுபோக்குக்கு அது போதும். ஆர்வம் அதிகமாகி சொந்தப் பந்து வாங்கக் கிளம்பும்போதுதான் சிக்கல். 'யூடியூப்ல சாம்பியன் போடுற அதே பந்து வேணும்' என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். உங்கள் விரல் அளவுக்குத் துளை போட்ட பிறகு அந்தப் பந்து இன்னொருவர் கைக்குச் சரிவராது. அதனால் காசு கொடுக்கும் முன் உங்கள் வீச்சைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பந்தை விடும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அதில் முதல் 40 அடி வரை எண்ணெய் பூசியிருப்பார்கள். அந்த இடத்தில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். உலர்ந்த பகுதிக்கு வந்ததும் பிடி கிடைத்து வளையும். வலக்கைக்காரர் வீசும் பந்து ஒன்றாவது, மூன்றாவது பின்களுக்கு நடுவே வளைந்து நுழைந்தால் பத்தும் சாய வாய்ப்பு அதிகம்.

எப்போது வளையும் என்பது வேகம், சுழற்சி, பந்தின் மேல்தோல் ஆகியவற்றைப் பொறுத்தது. பிளாஸ்டிக் தோல் ஏறக்குறைய நேராகவே போகும். யூரித்தேன் சீராக வளையும். ரியாக்டிவ் ரெசின் கடைசியில் சட்டென்று திரும்பும்.

வேகம் அதிகம், சுழற்சி குறைவா? பந்து வளைய நேரமில்லாமல் வலப்பக்கமே போய்விடும். உங்களுக்குப் பளபளப்பில்லாத, சொரசொரப்பான ரியாக்டிவ் உதவும். வேகம் குறைவு, சுழற்சி அதிகமா? பந்து சீக்கிரமே வளைந்து முதல் பின்னைத் தாண்டி இடப்பக்கம் போகும். பளபளப்பான பந்துக்கு மாறுங்கள். சுழற்றாமல் நேராக வீசுபவருக்கு விலை உயர்ந்த ரியாக்டிவ் வீண் செலவு, பிளாஸ்டிக்கே போதும். மிச்சம் நிற்கும் ஒற்றைப் பின்னை அடிக்கத் தேர்ந்த ஆட்டக்காரர்களும் பிளாஸ்டிக்கைத்தான் எடுக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க உங்கள் போனே போதும். பந்தில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, வீசும்போது ஸ்லோமோஷனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். டேப் எத்தனை முறை சுற்றுகிறது, பந்து எங்கே திரும்புகிறது என்று தெரிந்துவிடும்.

எடையில் வீராப்பு வேண்டாம். விதிப்படி அதிகபட்சம் 16 பவுண்டு. அதற்காக எல்லோரும் அதைத் தூக்க வேண்டியதில்லை. கையை ஊசல்போல் ஆட்டும்போது தோள் ஒரு பக்கம் சாய்ந்தாலோ, பந்தைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டியிருந்தாலோ, எடையைக் குறையுங்கள். கட்டைவிரல் துளை சரியில்லாவிட்டால் தோல் உரியும், மணிக்கட்டு வலிக்கும். வளரும் பிள்ளைகளின் விரல் அளவும் மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டி இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலைத் துளைக்குள் விடாமலே வீசுகிறார். அதனால் சுழற்சி மிக அதிகம். அவர் பந்து அந்தச் சுழற்சிக்குப் பொருத்தமானது. வாரம் ஒருமுறை நிதானமாக வீசும் அப்பாவுக்கும், பத்து வயது மகளுக்கும் அது பொருந்தாது.

இந்த வாரம் மாலுக்குப் போனால் வீட்டில் ஒவ்வொருவர் வீச்சையும் படம் எடுத்துப் பாருங்கள். அப்புறம் விலையைக் கேட்கலாம்.