இரண்டுங்கெட்டான் படிப்பு அல்ல

பி.காம் சி.ஏ., பி.பி.ஏ. சி.ஏ., பி.காம் ஐ.எஸ்.எம். என்று சொன்னதும் நம் வீடுகளில் ஒரு கேள்வி தயாராக இருக்கிறது: “ஏன், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலையா?” வணிகமும் கணினியும் சேர்ந்த இளநிலைப் பட்டம் என்றால் அதுவும் முழுசாக வராது, இதுவும் முழுசாக வராது; மார்க் குறைந்தவர்களும் கணிதப் பிரிவு எடுக்காதவர்களும் போய் ஒதுங்குகிற இடம் என்று முடிவு கட்டிவிட்டோம். உறவுக்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். பள்ளி ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அந்தத் துறையில் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிற சிலரே வகுப்பில் நின்று சொல்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளை அதை நம்பி, தோற்ற மனதோடு கல்லூரிக்குள் நுழைகிறது.

இந்த நம்பிக்கை தவறு. அது பிள்ளைகளுக்கும் தொழிலுக்கும் நாள்தோறும் கேடு செய்கிறது என்பதால் அதைத் தயவில்லாமல் எதிர்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு நிறுவனத்தில் சரக்கு எப்படி நகர்கிறது, பணம் எப்படி நகர்கிறது, ஒவ்வொரு நகர்வும் எந்த இடத்தில், யார் கையால், எந்தக் கட்டுப்பாட்டோடு பதிவாக வேண்டும் என்பதுதான் இந்தப் படிப்பின் பொருள். கணினித் துறையும் வணிகத் துறையும் தனித்தனியே இதற்குப் பதில் சொல்வதில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். நிட்டிங்கிலிருந்து வந்த, சாயம் ஏறாத கிரே துணி 500 கிலோ, டி.சி. (டெலிவரி சலான்) போட்டு டையிங்குக்குப் போகிறது. சாயம் ஏறித் திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கும். எவ்வளவு குறையும் என்பது துணி ரகத்தையும் நிறத்தையும் பொறுத்தது. போன எடையும் வந்த எடையும் ஒன்றாக இருந்தால்தான் அந்த டி.சி. முடியும் என்று மென்பொருள் எழுதியவர் வைத்துவிட்டால் ஸ்டோர்காரர் என்ன செய்வார்? வண்டி வாசலில் நிற்கிறது. கட்டிங் மாஸ்டர் துணி எங்கே என்று சத்தம் போடுகிறார். 500 என்றே அடித்துவிட்டுத் துணியை உள்ளே விடுவார். அன்றிலிருந்து கம்ப்யூட்டரில் இருக்கிற துணி குடோனில் இல்லை. மாதக் கடைசியில் அந்த இல்லாத துணிக்கும் மதிப்புப் போட்டு லாபம் பார்ப்பார்கள். பாங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் அதே கணக்கில் போகும்.

சரி, எந்த எடையை அடித்தாலும் ஏற்கட்டும் என்று விட்டுவிடலாமா? விட்டால் வழியில் காணாமல் போகிற துணியைக் கேட்க ஆள் இருக்காது. எந்த ரகத்துக்கு எத்தனை சதவீதம் வரை குறையலாம், அதற்கு மேல் போனால் யார் ஒப்புதல் தர வேண்டும், குறைந்த எடையின் செலவு எந்தக் கணக்கில் ஏற வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். இதற்குள் சட்டமும் இருக்கிறது: ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் 1 வருஷத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி ஜி.எஸ்.டி. கேட்பார்கள். ஜாவா மட்டும் தெரிந்தவர் இந்த முடிவை எடுக்க முடியாது; டெபிட் கிரெடிட் மட்டும் தெரிந்தவரும் எடுக்க முடியாது. ஸ்டோரில் நின்று பார்த்ததைத் திரையிலும் லெட்ஜரிலும் ஒருசேரக் காணத் தெரிந்தவர் வேண்டும். அப்படிப்பட்டவரை உருவாக்கத்தான் இந்தப் பட்டம்.

இது சின்னக் கம்பெனிகளின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் லிடில் ஐரோப்பா முழுக்கக் கடைகள் வைத்திருக்கும் நிறுவனம். 2011இல் சாப் (SAP) நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறும் வேலையைத் தொடங்கி, 2018இல் கைவிட்டது. அதற்குள் சுமார் 50 கோடி யூரோ செலவாகிவிட்டதாக அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. முக்கியமான சிக்கல் எங்கே இருந்தது? லிடில் தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிட்டு வந்தது. சாப்பின் சில்லறை வணிக மென்பொருளோ விற்கும் விலையை அடிப்படையாகக் கொண்டது. சரக்கிருப்பு மதிப்பீடு என்று நம் பி.காம் மாணவர்கள் படிக்கிறார்களே, அந்தப் பாடம்தான். லிடிலிடம் புரோகிராமர்களுக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

அந்த சாப் நிறுவனமே எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1972இல் ஐ.பி.எம்.மை விட்டு வெளியே வந்த 5 பேர் அதைத் தொடங்கினார்கள். முதல் வாடிக்கையாளர் ஓஸ்ட்ரிங்கன் ஊரில் இருந்த ஐ.சி.ஐ. ரசாயன நிறுவனத்தின் நைலான் ஆலை. சொந்தமாகக் கணினி இல்லாததால் வாடிக்கையாளர்களின் கணினி மையங்களிலேயே உட்கார்ந்து எழுதினார்கள். ஆலையின் கணக்கும் கொள்முதலும் நடக்கிற இடத்தில் பிறந்த மென்பொருள் அது. வணிகத் தகவலியல் என்ற பெயரில் இந்தப் படிப்புக்கு ஜெர்மனியில் தனிப் பேராசிரியர் பதவிகளும் தனிப் பட்டங்களும் உண்டு. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கார்டன் டேவிஸ் 1960களின் கடைசியிலேயே இதைத் தனிப் படிப்பாக நிலைநிறுத்தினார். வேறொன்று கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசாக அங்கே யாரும் இதைத் தொடங்கவில்லை.

நம் நாட்டிலேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி, மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் சுமார் 11,400 கோடி ரூபாய் மோசடி நடந்திருப்பதாக அறிவித்தது. எல்.ஓ.யு. என்கிற உத்தரவாதக் கடிதங்கள், வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக, இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்குப் போயின. அவற்றுக்கான பதிவு வங்கியின் மையக் கணக்கு அமைப்பான கோர் பாங்கிங்கில் ஏறவே இல்லை. ஸ்விஃப்ட் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. கோர் பாங்கிங்கும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. இரண்டுக்கும் நடுவே இணைப்பு இல்லை. ஒரு பக்கம் போன செய்திக்கு மறுபக்கம் பதிவு இருக்கிறதா என்று தினமும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் இல்லை. பல ஆண்டுகள் இப்படியே ஓடியது. 2018 ஜனவரியில், இப்படிக் கடிதம் வாங்கிவந்த வைர நிறுவனங்கள் புதிய கடிதம் கேட்டு வந்தபோது, முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள் அங்கிருந்த ஊழியர்கள். முன்பெல்லாம் கட்டாமலே வாங்கியிருக்கிறோமே என்று பதில் வந்தது. பழைய பதிவைத் தேடினார்கள், இல்லை. அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

ஸ்விஃப்டைத் தவறாகப் பயன்படுத்த இடம் இருக்கிறது என்று 2016 ஆகஸ்டிலிருந்தே வங்கிகளைப் பலமுறை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி சொன்னது. அப்புறமும் திருந்தாததற்காக 2019 மார்ச்சில் 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இத்தனை வங்கிகளிலும் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இருந்தார்கள், கணக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு அமைப்புகளுக்கு நடுவே இருக்கிற அந்த ஓட்டையைப் பார்ப்பதே தன் வேலை என்று இருந்தவர்கள் போதவில்லை. எந்தப் படிப்பை இரண்டுங்கெட்டான் என்று ஒதுக்குகிறோமோ, அந்தப் படிப்பின் வேலை அது.

என்னை மறுப்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். இந்தப் பட்டம் வாங்கிய பலர் பில் போடுகிறார்கள், டேட்டா என்ட்ரி செய்கிறார்கள், சொற்பச் சம்பளத்தில் நிற்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் படிப்பின் பொருள் அல்ல. அதைச் சொல்லித்தருகிற விதம். நான் பார்த்த கல்லூரி லேப் ஒன்றைச் சொல்கிறேன். டாலி கணக்கு மென்பொருளில் கம்பெனி உருவாக்குகிறார்கள். எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல் என்று மனப்பாடமாகத் தட்டுகிறார்கள். புத்தகத்தில் உள்ள தொகையை அப்படியே அடித்து, இருப்புநிலைக் குறிப்பு சரியாக வந்தால் ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கொள்முதலுக்கு ஆர்டர் இருந்ததா, சரக்கு வந்ததா, வந்த அளவுக்குத்தான் பில் வந்ததா என்று ஆர்டரையும் இன்வார்டையும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. உண்மையான டி.சி. ஒன்றைக் கையில் தொட்டவர் அந்த வகுப்பில் ஒருவரும் இல்லை.

அடுத்த அறையில் சி மொழி நடக்கிறது. பகா எண் கண்டுபிடிக்கும் அதே புரோகிராம். வணிகத் துறை கம்ப்யூட்டர் பேப்பர்களைக் கம்ப்யூட்டர் துறையிடம் தள்ளிவிடுகிறது. அங்கிருந்து வருகிறவர் ‘காமர்ஸ் பசங்களுக்கு இது போதும்’ என்று பாதிப் பாடத்தோடு போகிறார். வெளியே சொல்லப்படுகிற அதே இளக்காரம் உள்ளே பாடத்திட்டமாகிவிட்டது. இரண்டாந்தரம் என்று நம்பி நடத்தினார்கள், இரண்டாந்தரமாக்கினார்கள், பிறகு அதையே சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

வகுப்பில் நடத்த வேண்டியது எது என்பதற்கு ஒரு உதாரணம்: 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு தானாகப் பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைக்கவே முடியாதபடி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஏன் இந்த விதி வந்தது, இது இல்லாவிட்டால் ஒரு பில்லைப் பின்தேதியிட்டு எப்படி மாற்றலாம், மாற்றினால் எங்கே தடயம் தேடலாம் என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் பேசலாம். அத்தனை சுவையான பாடம். பெரும்பாலான வகுப்புகளில் ஒரு மணி நேரம்கூட அதற்குக் கிடைப்பதில்லை.

வணிகமும் கணினியும் சேர்ந்தே வேண்டும் என்பது தொழில்துறைக்குத் தெரியும். டி.சி.எஸ். பாடத்திட்டம் வகுத்துக் கொடுத்து, கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ் என்ற பி.டெக். பிரிவு பொறியியல் கல்லூரிகளில் வந்திருக்கிறது. கோடிங்கோடு பொருளியலும் நிதி மேலாண்மையும் அதில் உண்டு. ஆயிரக்கணக்கில் புரோகிராமர்களை எடுக்கிற கம்பெனி, அவர்களுக்கு வணிகம் தெரிய வேண்டும் என்று கேட்கிறது. நாமோ வணிகத்தோடு வருகிற பிள்ளையைப் பார்த்துக் கோடிங் போதவில்லை என்கிறோம்.

ஏ.ஐ. வந்து கணக்கு வேலையை விழுங்கிவிடும் என்று இப்போது புதிதாகப் பயமுறுத்துகிறார்கள். பில்லைப் படித்துப் பதிவு போடும் வேலை குறையலாம். ஆனால் 500 கிலோ போய் 470 கிலோ வந்தால் ஏற்கலாமா, யாரைக் கேட்க வேண்டும் என்ற விதியை ஒருவர் தொழிலை அறிந்து வகுத்துத் தந்தாக வேண்டும்.

ஆகவே, இந்த ஆண்டு சேர்க்கைக்குப் போகிற பெற்றோர்களே, படிப்பின் பெயரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். கல்லூரியைக் கேள்வி கேளுங்கள். கடைசி ஆண்டு மாணவர்கள் செய்த புராஜெக்ட் ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதில் உண்மையான ஒரு கடையோ ஆலையோ இருக்கிறதா, வலையிலிருந்து இறக்கிய பக்கங்களா என்று பாருங்கள். எத்தனை வாரம் மாணவரை வெளியே கம்பெனிக்கு அனுப்புகிறார்கள், அங்கே யார் மேற்பார்வை என்று கேளுங்கள். தரவுத்தளப் பாடத்தை நடத்துகிறவர் ஒரு இன்வாய்ஸை அட்டவணைகளாகப் பிரித்துக் காட்டுவாரா என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த கல்லூரிக்குப் போங்கள். பதில் வந்தால் பிள்ளையை அங்கே சேர்த்துவிடுங்கள், சொந்தக்காரர்கள் என்ன சொன்னாலும்.